கரி பிடிக்காத மருந்து

ஓரின் ஹால்வர்சன் மூன்று வருஷமாகப் பானை கழுவிக்கொண்டிருந்தார். வீட்டில் அல்ல. வீட்டில் அவர் ஒரு கரண்டியைக் கழுவியதாகக்கூட மனைவி டெலா சாட்சி சொல்ல மாட்டாள். அவர் கழுவியது ட்ரை ஃபோர்க் துப்பாக்கிச் சங்கத்தின் பானைகளை.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, மொன்டானாவில் பனி போகலாமா இருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, சங்கம் அந்த வருஷத்தின் முதல் போட்டியை வைக்கும். கடைசிக் குண்டைச் சுட்டதும் ஒவ்வொருவரும் ஒரு சதுர வெள்ளைத் துணியைத் தன் துப்பாக்கிக் குழலுக்குள் விட்டு, ஒரே ஒரு தடவை இழுத்து, பெயரெழுதிப் பலகையில் குத்த வேண்டும். யாருடைய துணி அதிகக் கறுப்போ அவர்தான் அன்றைய சில்லிப் பானைகளைக் கழுவ வேண்டும். மாட்டுக்கறியும் பீன்ஸும் காலையிலிருந்து கொதித்து அடிப்பிடித்த பானைகள். மற்றவர்கள் சினமன் ரோலை, பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியை, பிய்த்து மீதிச் சில்லியில் முக்கித் தின்றபடி, கழுவுகிறவருக்குப் பின்னால் நின்று யோசனை சொல்வார்கள்.

ஓரினின் துணி மூன்று வருஷமும் அடுப்புக் கரி மாதிரி இருந்தது. காரணம் ஊருக்கே தெரியும். செத்துப்போன ஒருவரின் வீட்டுச் சாமான் ஏலத்தில் ஒரு பெரிய டப்பா நிறையத் துப்பாக்கி மருந்து மலிவாகக் கிடைத்தது. நல்ல மருந்துதான், குறி தப்பாது. ஆனால் புகையும் கரியும் அப்படி. ட்ரை ஃபோர்க்கில் பாதிப் பேர் சுட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே புது மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா ஆக்குகிறவர்கள். யார் எந்த மருந்து போடுகிறார் என்பது அங்கே யார் வீட்டில் என்ன சமையல் என்பது போல. டெலாவின் தம்பி வெண்டல், எரிவாயு லாரி ஓட்டுகிறவன், போன வீட்டிலெல்லாம் சொன்னான்: "எங்க மச்சான் சுடறது இல்லீங்க, ரயில் விடறாரு."

அதனால்தான் இந்த வருஷம் ஓரின் மனசை மாற்றிக்கொண்டார். கரி பிடிக்காத மருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்று பிப்ரவரியிலேயே முடிவு. மூன்று டப்பா வாங்கினார், ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு. ப்ளூ மேசா, காட்டன்வுட், நார்த் பாஸ். அந்த வருஷம் மருந்துக்குத் தட்டுப்பாடு. கடைக்காரர் ஆளுக்கு ஒரு டப்பாதான் கொடுத்தார். ஓரின் தன் பெயரில் ஒன்று, டெலா பெயரில் ஒன்று, மகள் மேரிட்டை வாசலில் நிறுத்தி அவள் பெயரைச் சொல்லி ஒன்று என்று வாங்கி வந்தார்.

மேரிட்டுக்குப் பதினாறு வயது. சோதனைக்கு நோட்டு எழுதுகிறவள் அவள். ஒவ்வொரு வாரமும் ஒரு மருந்து; சுட்டுவிட்டு வந்து துணியை இழுத்துப் பார்ப்பார்கள். சங்கத்துத் துணி தீர்ந்துபோனதால் டெலாவின் வெள்ளைச் சமையலறைத் துண்டுகளைக் கத்தரித்தார்கள். பதினொரு துண்டு இருந்தது, மார்ச் முடிவில் நான்கு. ப்ளூ மேசா வெயில் நாளில் சுத்தமாக எரிந்தது. குளிரில் பாதி எரிந்து பாதி எரியாமல் மிளகுத்தூள் மாதிரி குழலில் தங்கியது. காட்டன்வுட்டுக்குக் கரியே இல்லை, ஆனால் குண்டு போன இடம்தான் தெரியவில்லை. நார்த் பாஸ் குளிரோ வெயிலோ ஒரே மாதிரி எரிந்தது, குறியும் நின்றது, துண்டில் புறா இறகு நிறத்தில் லேசாக ஒரு வளையம். ஓரின் அந்தத் துண்டை மூக்கருகே பிடித்து முகர்ந்துவிட்டு, கல்யாணத்தன்று சிரித்த மாதிரி சிரித்ததாக டெலா சொன்னாள். அப்போது அது தன் துண்டு என்று அவளுக்குத் தெரியாது.

மேரிட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. சுடுகிறவர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்ப வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஜூலையில் பில்லிங்ஸில் இளையோர் போட்டி. முதல் தடவையாக அவள் பெயர் பட்டியலில் வந்திருந்தது. கராஜ் மேசை இல்லையென்றால் தோட்டா இல்லை, தோட்டா இல்லையென்றால் பில்லிங்ஸ் இல்லை.

அந்த மேசைக்கு மேலே, சுவரில், அப்பாவின் கையெழுத்தில் ஒரு தாள் பதினொரு வருஷமாக ஒட்டியிருக்கிறது. மேசைமேல் ஒரு டப்பாவுக்கு மேல் வரக் கூடாது. எதுவென்று தெரியாத மருந்து மருந்தே அல்ல, கொட்டிவிடு. இதை மீறுகிறவர் ஒரு வருஷம் இந்த மேசையைத் தொடக் கூடாது. மூன்றாவது வரிக்கு அடியில் இரண்டு கோடு.

ஏப்ரல் மூன்றாம் வாரம், புதன்கிழமை சாயங்காலம், மேரிட் முதல் வரியை மீறினாள்.

மீறியது கெட்ட எண்ணத்தில் அல்ல. காட்டன்வுட்டுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அப்பா அதை அளவைக் குடுவையில் ஊற்றி, டப்பாவை மேசைமேலேயே விட்டிருந்தார். குடுவை என்பது மேசை ஓரத்தில் நிற்கும் இயந்திரத்தின் தலையில் இருக்கும் கண்ணாடி போன்ற குழாய். மருந்து அதிலிருந்துதான் அளவாக இறங்கும். பாதி வேலையில் போன் வந்தது. மலைச்சாலையில் பனிப்புயல், வண்டி எடு என்று. ஓரின் மாவட்டச் சாலைக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். குடுவையில் இருப்பதை அதன் டப்பாவில் கொட்டி மூடி வை, நான் ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன், வந்ததும் போட்டிக்குத் தோட்டா நிரப்பணும் என்று சொல்லிவிட்டுப் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

மேரிட் சமத்தாக ஒரு வேலை செய்தாள். ஜெயித்த நார்த் பாஸ் டப்பாவின் அடியில் அச்சடித்திருக்கும் பேட்ச் எண்ணை நோட்டில் எழுதவில்லையே என்று ஞாபகம் வந்தது. அலமாரியிலிருந்து எடுத்து, மேசைமேல் வைத்து, பென்சிலால் எழுதினாள். கடைசி மூன்று எண்: 417. அந்த நேரம் பார்த்து பிஸ்கட் என்ற அவர்கள் நாய் கதவைப் பிறாண்டியது. திறந்து விட்டாள். திரும்பி வந்து, குடுவையைக் கழற்றி, முன்னால் இருந்த டப்பாவில் கவிழ்த்தாள். மூடினாள். குலுக்கிக்கூட வைத்தாள்.

அலமாரியில் வைக்கும்போதுதான் கை சொன்னது. நார்த் பாஸ் கனமாக இருந்தது. காட்டன்வுட் லேசாக இருந்தது.

 இரண்டும் ஒரே சாம்பல் நிறம், கடுகைவிடப் பொடிசு. கலந்த பிறகு பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. அது எவ்வளவு வேகமாக எரியும், எவ்வளவு அழுத்தம் தரும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அப்பாவின் கன்னத்திலிருந்து நாலு அங்குலத்தில் அது வெடிக்கப் போகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

ராத்திரி பதினொன்றரைக்குப் போர்வைக்குள் நாயைக் கட்டிக்கொண்டு, வெண்டல் மாமாவுக்குப் போன் செய்தாள். அம்மாவிடம் சொன்னால் அப்பாவுக்குப் போகும். அப்பாவிடம் சொன்னால் மேசை போகும். மாமாவிடம் சொன்னால் என்ன போகும் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

எல்லாவற்றையும் கிசுகிசுவென்று சொல்லி முடித்தாள்.  மறுபக்கம் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு யாரோ சிரிக்கும் சத்தம்.

"மாமா, நான் செத்துட்டிருக்கேன். நீங்க சிரிக்கறீங்க."

"இல்ல மருமகளே. இருமல். நீ அதுலேர்ந்து ஒரு தோட்டாகூடப் போடலையே?"

"இல்ல."

"அப்ப யாரும் சாகல. அந்த டப்பாவக் கொண்டுபோயிப் புல்லுல தூவிடு. எல்லாரும் அதத்தான் செய்வாங்க, புல்லுக்கு உரம். உங்க வீட்டுப் புல்லுக்கு அது ஒண்ணும் புதுசும் இல்ல."

"புதுசில்லன்னா?"

"நான் சத்தியம் பண்ணிருக்கேன். தூங்கு."

எந்தச் சத்தியம், யாருக்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும் முன், இருட்டோடு இருட்டாக மேரிட் பின்பக்கம் போனாள். நாயை உள்ளே அடைத்துவிட்டாள். அந்தச் சனியன் எதையும் நக்கும், இது நக்கக் கூடாத சாமான். புல்லில் தூவ வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டான். ஆனால் புல் எங்கே? ராத்திரி முழுக்கப் பெய்த பனி நாலு அங்குலத்துக்குக் கிடந்தது. பாதி டப்பாவை வீசித் தூவிய பிறகுதான் பார்த்தாள்: வெள்ளைப் பனியில் சாம்பல் பொடி, அவித்த முட்டைமேல் மிளகு தூவின மாதிரி, விடிந்தால் ஊருக்கே தெரியும். பதறிப்போய் மண்வாரியால் பொடி விழுந்த பனியையெல்லாம் துணிக்கொடிக் கம்பத்தின் அடியில் ஒரே இடமாகக் குவித்து, மீதியையும் அங்கேயே கொட்டி, மேலே சுத்தமான பனியைப் போட்டுத் தட்டினாள். பார்ப்பதற்கு யாரோ ஒரு சின்னப் பிராணியை அடக்கம் செய்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் மாமா லாரியில் வந்தான். அம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். நார்த் பாஸ். அவன் தன் போட்டிக்கென்று வாங்கி, மனைவிக்குத் தெரியாமல் மாவு டின்னுக்குப் பின்னால் பதுக்கி வைத்திருந்தது. சோதனைக்குக் கொஞ்சம் எடுத்ததில் அதுவும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது, அப்பாவுடையதைப் போலவே. கடையில் இனி ஜூன் வரை கிடையாது. இது தியாகம் என்று மேரிட்டுக்குப் புரிந்தது. புரியாவிட்டாலும் அவன் ஆறு தடவை சொன்னான்.

"அப்ப நீங்க எத வச்சு சுடுவீங்க மாமா?"

"உங்கப்பன்கிட்டயே அந்தப் பழைய ரயில் மருந்தக் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கறேன். என் தலையெழுத்து."

காலியான பழைய டப்பாமேல் அப்பா ஒட்டியிருந்த காகித நாடாவை, திறந்த தேதி எழுதியதை, நகத்தால் மெல்ல உரித்துப் புது டப்பாவில் ஒட்டினார்கள். எல்லாம் சரியாக வந்தது. மாமா டப்பாவைத் திருப்பி அடியைப் பார்த்தான், முகம் சுருங்கியது. பேட்ச் எண் வேறு. கடைசி மூன்று: 477. மற்றதெல்லாம் ஒன்றேதான்.

இரண்டு பேரும் நோட்டைப் பார்த்தார்கள். மேரிட்டின் சொந்தக் கையெழுத்து, பென்சில், 417. நடுவில் இருக்கும் ஒன்றை ஏழாக்க ஒரு சின்னக் கோடு போதும்.

"நான் எதையும் பாக்கல," என்று சொல்லிவிட்டு மாமா லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் கோட்டைப் போட்டாள்.

அதோடு பயம் போகும் என்று நினைத்தாள். போகவில்லை. வெள்ளிக்கிழமை பயம் அவளோடு பள்ளிக்கூட பஸ்ஸில் வந்தது, சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது. ஒரே மருந்துதானே, கலப்படம் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அப்பா பேட்ச் மாறினால் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். ஒரே பெயர் போட்ட மருந்தானாலும் பேட்ச்சுக்குப் பேட்ச் கொஞ்சம் முன்னே பின்னே எரியும். புது டப்பா என்றால் அவர் மறுபடியும் கீழேயிருந்து, குறைந்த அளவிலிருந்து, படிப்படியாக ஏறி வருவார். பழைய டப்பா என்றால் நேராக உச்ச அளவுக்குப் போய்விடுவார். நோட்டில் அவள் போட்ட கோடு, புது டப்பாவைப் பழைய டப்பாவாக ஆக்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வந்தார். நாலு நாள் தாடி, கண்ணெல்லாம் சிவப்பு. குளித்துவிட்டு நேராகக் கராஜுக்கு வந்து உட்கார்ந்தார். நார்த் பாஸை எடுத்து, பழக்கதோஷத்தில் கவிழ்த்து அடியைப் படித்தார். நோட்டைப் புரட்டினார். எண் பொருந்தியது.

"பாத்தியா, நீ எழுதி வச்சதால எனக்கு வேல மிச்சம்," என்றார்.

 அவர் குடுவையில் மருந்தை ஊற்றினார். தராசைச் சரிபார்த்தார். உச்ச அளவுக்குத் திருகைத் திருப்பினார். ஐம்பது பித்தளைக் கூடும் வரிசையாக வாயைத் திறந்து நின்றன, கோயில் பிரசாதத்துக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி. முதல் கூட்டைக் கையில் எடுத்தார். எல்லாம் முடிந்துவிட்டது, அவள் தப்பித்துவிட்டாள், பில்லிங்ஸ் அவளுக்குத்தான்.

"அப்பா, நிரப்பாதீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அது உங்க டப்பா இல்ல. பேட்ச் வேற. நோட்டுல நான்தான் மாத்தினேன்."

மீதி எல்லாம் கொட்டியது. குடுவை, இரண்டு டப்பா, நாய், நாடா, கோடு. மாமாவின் பெயரை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தாள். ஆனால் ஊரிலேயே கிடைக்காத மருந்து எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியிருந்ததால் அதுவும் வந்துவிட்டது. அழவில்லை. மூக்கு மட்டும் அழுதது.

 அப்பா பித்தளைக் கூட்டை அதன் இடத்தில் வைத்தார். குடுவையிலிருந்த மருந்தை அதன் டப்பாவிலேயே கொட்டி மூடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். சுவரில் இருக்கும் தாளைத்தான் அடுத்து காட்டப் போகிறார் என்று மேரிட் காத்திருந்தாள்.

"பழசு எங்க?" என்றார்.

"புல்லுல."

"எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"துணிக்கொடிகிட்ட."

"தூவினியா, கொட்டினியா?"

"பனி இருந்துச்சுப்பா. குவிச்சுட்டேன்."

அப்பா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். மலைச்சாலையில் பனிப்புயலுக்கு நடுவே கூட அவர் முகம் இப்படி ஆகியிருக்காது. "துணிக்கொடி," என்றார் மெதுவாக. "சமையலறை ஜன்னலுக்கு நேரா."

அப்போதுதான் மேரிட்டுக்கு அது உறைத்தது. கராஜின் பின்புறம், வேலியோரம், அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு இடத்தில் மட்டும் புல் முழங்கால் உயரத்துக்கு, கரும்பச்சையாக வளரும். செப்டிக் டேங்க் கசிகிறது என்று அப்பா சொல்வார். அம்மா அதை நம்பி, பதினொரு வருஷத்தில் மூன்று தடவை ஆள் கூப்பிட்டுத் தோண்டியிருக்கிறாள். ஆள் ஒவ்வொரு தடவையும் தலையைச் சொறிந்துகொண்டு, கசிவே இல்லையே அம்மா என்பான். அப்பா மண்வெட்டிமேல் கையூன்றி நின்று, இன்னும் கொஞ்சம் ஆழமாப் பாருங்க என்பார். வீட்டில் யாராவது கழிவறையில் கொஞ்சம் அதிகம் தண்ணீர் விட்டால் அம்மா இன்றைக்கும் கத்துவாள்.

"எவ்வளவுப்பா?"

"ரெண்டு டப்பா," என்றார் ஓரின். "நீ சின்னக் குழந்த. நீ அழுத சத்தம் கேட்டு எழுந்து போயிட்டு வந்தேன். வந்து கவுத்துட்டேன். வெண்டலுக்கு மட்டும்தான் தெரியும், அவன் சத்தியம் பண்ணிருக்கான்."

மேரிட் சுவரிலிருந்த தாளைப் பார்த்தாள். அதன் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"இத அதுக்கப்புறம்தான் எழுதினீங்களா?"

"மறுநாள் காலையில."

"அப்ப நீங்க ஒரு வருஷம் மேசையத் தொடலையா?"

அப்பா தொண்டையைச் செருமினார். அந்த விதி எழுதுவதற்கு முன்னால் நடந்த குற்றத்துக்குப் பொருந்தாது என்றார். எந்த நீதிபதியும் அதைத்தான் சொல்வார் என்றார். மேரிட் ஜன்னல் வழியாக வேலியோரத்தைப் பார்த்தாள். அப்புறம் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அம்மா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. பேரம் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"ஒரு வாரம்," என்றார் அப்பா. "நோட்டுல கோடு போட்டதுக்கு. டப்பாவுக்கு இல்ல."

"சனிக்கிழமைப் போட்டிக்கு?"

"உனக்கும் சேத்து நானே நிரப்பறேன். கீழேர்ந்து ஆரம்பிச்சு. நீ பக்கத்துல உக்காந்து பாரு, தொடாத." கொஞ்சம் யோசித்தார். "அம்மாகிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். புல்லு வந்தா வரட்டும், அப்பப் பாத்துக்கலாம். எல்லா மருந்தும் புல்லாகறதில்ல."

வெள்ளிக்கிழமை வெண்டல் மாமா வந்து, தன் மருந்து எங்கோ தொலைந்துவிட்டதாகவும், அந்தப் பழையதில் கொஞ்சம் கிடைக்குமா என்றும், வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அப்பா அவனுக்கு ஒரு பெரிய ஜாடி நிறையக் கொடுத்தார். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க, நமக்குள்ள என்ன என்று தோளில் தட்டினார். மேரிட் நாயோடு விளையாடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

போட்டியன்று வானம் தெளிந்திருந்தது, குளிர் மட்டும் குறையவில்லை. மாமா முதல் குண்டு சுட்டதுமே அவனைச் சுற்றி ஒரு மேகம் எழுந்தது. யாரோ விசில் ஊதினார்கள், ரயில் விசில் மாதிரி. பலகையில் துணிகள் குத்தியபோது ஓரினுடையது சுத்தத்தில் நாலாவது, புறா இறகு நிறம். மேரிட்டுடையது ஆறாவது. மாமாவுடையதைக் குத்துவதற்கு முன்பே ஒருவர் அவனிடம் பானை தேய்க்கும் கம்பி நாரை நீட்டிவிட்டார்.

மூன்று வருஷமாகக் கழுவிய கை சும்மா இருக்குமா. ஓரின் சினமன் ரோலும் கையுமாகப் பின்னால் நின்று, அடியில் கொஞ்சம் வெந்நீர் விட்டு ஊற வை, மாப்ள, அவசரப்படாத என்றார். மாமா திரும்பி மேரிட்டை ஒரு பார்வை பார்த்தான். அவள் பாவமாகச் சிரித்தாள். ஆறு பானை. தம்பிதானே என்று டெலா ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய், அவன் கழுவக் கழுவத் துடைத்துக் கொடுத்தாள். இருவரும் வெகு நேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தம்பி பேசுவது நல்லதுதானே என்று அப்பாவும் மகளும் அதைக் கவனிக்கவில்லை. அதுதான் அவர்கள் செய்த கடைசித் தப்பு.

மே மாதம் மழை பெய்தது. மேரிட் தினமும் காலையில் துணிக்கொடியைப் பார்ப்பாள். முதலில் அந்த இடம் மஞ்சளாகக் கருகியது. அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். ஜூன் முதல் வாரம், கருகிய இடத்தில் கரும்பச்சை தலைகாட்டியது. இரண்டாம் வாரம், காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி ஒரு வட்டம், சுற்றியிருந்த புல்லைவிட ஒரு சாண் உயரம், பளபளவென்று. ஒரு சனிக்கிழமை விடியற்காலை அப்பா புல்வெட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போய், அதை மட்டும் மொட்டையடித்துவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை அது திரும்பி வந்துவிட்டது.

புதன்கிழமை காலை அப்பாவும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா காப்பிக் கோப்பையோடு ஜன்னலருகே நின்றாள்.

"ஓரின்."

"ம்."

"நம்ம செப்டிக் டேங்க் எடம் மாறிடுச்சு போல."

அப்பா பான்கேக்கை ரொம்ப அக்கறையாக வெட்டினார். மேரிட் பாலைக் குடித்தாள். காலியான டம்ளரிலிருந்தும் குடித்தாள்.

"அறுபது அடி நடந்து வந்திருக்கு," என்றாள் அம்மா. "ராத்திரியில வந்திருக்கும். பகல்ல வந்தா நான் பாத்திருப்பேன்."

"தரைக்குள்ள தண்ணி எங்க வேணும்னாலும் போகும் டெலா," என்றார் அப்பா. குரல் அவருடையதாகவே இல்லை.

"போகும் போகும். மூணு தடவ தோண்டினான் அந்த மனுஷன். மூணாவது தடவ தன் மேலயே சந்தேகம் வந்து, இந்தத் தொழிலே வேண்டாம்னு கோழிப்பண்ண வச்சுட்டான்." அம்மா கோப்பையை வைத்தாள். "வெண்டல் ஆறு பானை கழுவினான். நாலாவது பானையிலயே எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. சத்தியம்னான். கை வழுக்குது, வாய் வழுக்காதாடான்னேன்."

ஏப்ரலிலிருந்து அவளுக்குத் தெரியும். புல் வரட்டும் என்று ஏழு வாரம் காத்திருந்திருக்கிறாள். மேரிட்டுக்கு, நோட்டில் கோடு போட்ட அன்று வந்ததைவிட அதிகமாக இப்போது பயம் வந்தது. பில்லிங்ஸ் பற்றித்தான் கேட்டாள், முனகலாக.

"போகலாம்," என்றாள் அம்மா. "வாயத் தொறந்து நிரப்பாதீங்கன்னு நீ சொன்னது அன்னிக்கே சமையலறை வரைக்கும் கேட்டுச்சு, அர்த்தம்தான் பானை கழுவினப்பப் புரிஞ்சுது. அதுக்காக. ஆனா பனி விழற வரைக்கும் புல்லு வெட்டறது நீங்க ரெண்டு பேரும். வண்டியில இல்ல. கையால தள்ற மிஷின்ல. அந்த வட்டத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும், நான் இங்கேர்ந்து பாத்துட்டிருப்பேன்."

அப்புறம் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனாள். அப்பாவும் மகளும் பின்னால் போனார்கள். அவள் சுவரிலிருந்த தாளில், இரண்டு கோடு போட்ட வரிக்குக் கீழே, பெரிய எழுத்தில் எழுதினாள்: இந்த மேசைக்கு டெலாவின் துண்டு ஒன்றுகூட வரக் கூடாது. அதன் அடியில் மூன்று கோடு.

அப்பா அதை இரண்டு தடவை படித்தார். எதிர்த்துப் பேச இது நேரமில்லை என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"அப்ப குழலத் தொடைக்க துணிக்கு எங்க போறது?"

டெலா பேனாவை மூடினாள்.

"கரி பிடிக்காத மருந்துன்னுதானே வாங்கினீங்க? அப்புறம் துண்டு எதுக்கு?"